அடைப்புக்குறிக்குள் ஒன்றுமில்லாத வில்லி

போர்டெர்ரியில் வில்லியம் ஸ்கார்வி என்ற பெயரில் ஆறு பேர் இருந்தார்கள். ஆறு என்பது அந்த ஊர்க் கணக்கில் குறைச்சல்தான். ஜார்ஜ் ஸ்கார்விகளை எண்ண ஆரம்பித்தால் பாதியில் சூப் ஆறிப்போய்விடும். ஸ்காட்லாந்தின் வடகிழக்குக் கரையில், கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வீடுகள் நெருக்கியடித்து நிற்கும் அந்த மீன்பிடி ஊரில், பாதிரியாரையும் தபாலாபீஸ் பூனையையும் தவிர அத்தனை பேரும் ஸ்கார்விதான். முதல் பேர் வைப்பதிலாவது தாராளம் காட்டினார்களா என்றால் அதுவும் இல்லை. மூத்த பையனுக்கு அப்பாவைப் பெற்றவரின் பேர், அடுத்தவனுக்கு அம்மாவைப் பெற்றவரின் பேர் என்று நாலைந்து பேரையே துவைத்துத் துவைத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

அதனால்தான் பட்டப்பேர். வில்லியம் ஸ்கார்வி (கொக்கி), வில்லியம் ஸ்கார்வி (புடிங்), வில்லியம் ஸ்கார்வி (லத்தீன்). இது முதுகுக்குப் பின்னால் சொல்லிச் சிரிக்கிற சமாச்சாரம் அல்ல. வாக்காளர் பட்டியலில், மாதா கோவில் பலகையில், கடைசியில் கல்லறைக் கல்லில்கூட, அடைப்புக்குறிக்குள் கௌரவமாக உட்கார்ந்திருக்கும். கொக்கிக்குப் பிறந்தவன் கொக்கி. லத்தீனின் முப்பாட்டனார் பள்ளிக்கூடத்தில் லத்தீன் வகுப்பில் தூங்கி மேசைக்கடியில் உருண்டவர். அன்றிலிருந்து அந்த வம்சம் முழுவதும், ஒரு லத்தீன் வார்த்தை தெரியாமலே லத்தீன். துறைமுக மேற்பார்வையாளர் ஜார்ஜ் ஸ்கார்விக்கு பிஷப்பு என்று பேர். அவருடைய பாட்டனார் ஒரு பிஷப்பைத் தெரியாமல் கடலில் தள்ளிவிட்டவர். தெரியாமல் என்பது அந்தக் குடும்பத்தார் சொல்வது.

பட்டப்பேர் இல்லாதவர் ஊரில் ஒரே ஒருவர். மீன் வேன் ஓட்டி மலைப்பக்கத்துப் பண்ணை வீடுகளுக்கு ஹேடக்கும் ஹெர்ரிங்கும் விற்று வந்த ஆறாவது வில்லி. பட்டியலில் அவர் பேருக்குப் பக்கத்திலும் அடைப்புக்குறி போட்டிருந்தார்கள். உள்ளே ஒன்றுமில்லை.

தப்பு அவருடையது அல்ல. அவருடைய அப்பா ராபர்ட், முதல் உலகப்போரில் நியூசிலாந்துப் படையோடு வந்தவர். லீவில் போர்டெர்ரிக்கு வந்து, "என் அப்பா இந்த ஊர்ல பொறந்தவர், ஓட்டாகோவுக்குக் கப்பலேறிப் போனவர், பேரு அலெக்சாண்டர்" என்றார். ஊர் எழுந்து நின்று கேட்டது, "எந்த அலெக்சாண்டர்?" என்று. ஹெர்ரிங் மீன் கரையை விட்டு விலகிப்போன பஞ்ச காலத்தில் இங்கிருந்து கப்பலேறிய அலெக்சாண்டர் ஸ்கார்விகள் ஒன்பது பேர். ராபர்ட் ஒருநாள் முழுவதும் ஊரைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து, "பட்டப்பேர் தெரியாது. அப்பா சொன்னதே இல்ல" என்று முடித்துக்கொண்டார். பிறகு இங்கேயே பெண் கட்டி, இங்கேயே இருந்து, வில்லியைப் பெற்று, பட்டப்பேர் விஷயத்தில் மட்டும் வாயே திறக்காமல் செத்தும் போனார்.

சரி, 'பேரில்லா வில்லி' என்று வைத்துவிட்டுப் போகலாமே என்று நீங்கள் கேட்கலாம். ஊரும் யோசித்தது. ஆனால் பட்டப்பேர் இல்லாதவனுக்கு அதையே பட்டப்பேராக வைத்தால் அவனுக்குப் பட்டப்பேர் வந்துவிடும், வந்துவிட்டால் வைத்தது பொய்யாகிவிடும், பொய் சொல்லிவிட்டு ஞாயிற்றுக்கிழமை எந்த முகத்தோடு பிரசங்கம் கேட்பது என்று அந்தப் பக்திமான்கள் வாதாடி அதைத் தள்ளுபடி செய்தார்கள். ஆகவே அவரைப் பற்றிப் பேச வேண்டி வந்தால், "வில்லி ஸ்கார்வி..." என்று இழுத்து, கொஞ்சம் நிறுத்தி, மலைப்பக்கமாகக் கையை வீசுவார்கள். அந்தக் கைவீச்சுதான் வில்லி.

கைவீச்சைத் தபாலுறையில் எழுத முடியாதே. மற்ற ஐந்து வில்லிகளுக்கும் வரவேண்டிய குழப்பமெல்லாம் இவர் தலையில் விடிந்தது. கொக்கி வில்லியின் பேதி மருந்து இவருக்கு வந்து, இரண்டு நாள் மீன் வேன் ஓடவில்லை. பக்கத்து ஊர் எல்ஸ்பெட்டுக்கும் இவருக்கும் கல்யாண அறிவிப்பைக் கோவிலில் வாசித்தபோது, பட்டப்பேர் வராததால் எந்த வில்லி என்று புரியாமல் இரண்டு வில்லிகளின் மனைவிமார் தத்தம் புருஷனை அங்கேயே குடையால் அடித்தார்கள். ஒருமுறை பேப்பரில் 'வில்லியம் ஸ்கார்வி காலமானார்' என்று வந்ததும் ஊர்ப் பெண்கள் துக்க வீட்டுக்கென்று ஸ்கோன் ரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு இவர் வீட்டு வாசலில் வந்து நின்றார்கள். கதவைத் திறந்தவர் வில்லி. ஸ்கோனைத் திருப்பிக் கேட்க யாருக்கும் வாய் வரவில்லை. மூன்று நாள் அதையே சாப்பிட்டுக்கொண்டு, துக்கம் கேட்டு வந்தவர்களுக்கு அவரே தேநீர் போட்டுக் கொடுத்தார்.

எல்ஸ்பெட் வேறு சும்மா இருக்கமாட்டாள். அவளுடைய அப்பா வீட்டுப் பட்டப்பேர் 'சிரிப்பு'. அந்த வீட்டில் எல்லாரும் சிரித்தே பெரும்பேர் வாங்கியவர்கள்.

"எங்கப்பா வீட்டுல நாய்க்குக்கூட பட்டப்பேர் உண்டு, வில்லி. நான்தான் ஒரு அடைப்புக்குறியைக் கட்டிக்கிட்டு வந்திருக்கேன்."

வில்லி தன்னால் ஆனதைச் செய்து பார்த்தார். பட்டப்பேர் என்பது தானாக வைத்துக்கொள்வதல்ல, ஊர் வைப்பது. ஆனால் ஊருக்கு ஒரு யோசனை எடுத்துக்கொடுப்பதில் தப்பில்லையே. 'அட்மிரல்' என்று வரும் என்ற நம்பிக்கையில் பித்தளைத் தொலைநோக்கி ஒன்றைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு ஒரு கோடை முழுவதும் துறைமுகச் சுவரில் நின்றார். ஆளாளுக்கு வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல கண்ணாடிப்பா" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பிறகு தாடி வளர்த்தார். 'தாடி' ஏற்கெனவே நாலு பேர் இருந்தார்கள். அவர்கள் வீட்டு வாசல் வரை வந்து சவரம் பண்ணிக்கொள்ளச் சொன்னார்கள்.

"நான் ஒரு வழி சொல்றேன்," என்றாள் எல்ஸ்பெட், கொடியில் துணி உலர்த்திக்கொண்டே. "என் வைலிகோட்டை மாட்டிக்கிட்டு துறைமுகத்துல ஒரு சுத்து சுத்திட்டு வா. சாயங்காலத்துக்குள்ள பேர் வந்துடும்."

வைலிகோட் என்றால் ஃபிளானலில் தைத்த உள்பாவாடை. போர்டெர்ரிப் பெண்கள் குளிருக்குப் போட்டுக்கொள்வது. நாலு ஊர் தள்ளிப் போனால் அந்தச் சொல் எவருக்கும் தெரியாது.

"மனுஷனுக்கு மானம்னு ஒண்ணு இருக்கு, எல்ஸ்பெட்," என்றார் வில்லி.

வில்லிக்கு அறுபது தாண்டிய வருஷம் பிஷப்பு ஒரு திட்டம் போட்டார். உலகமெங்கும் சிதறிக் கிடக்கும் ஸ்கார்விகளையெல்லாம் ஜூலை மாதம் போர்டெர்ரிக்கு வரவழைத்து ஒரு வம்சக் கூட்டம். அதன் நினைவாக, துறைமுகச் சுவரில் ஒரு கருங்கல் பலகை. அதில் ஊரில் உயிரோடிருக்கும் ஸ்கார்விகள் அத்தனை பேரும், பட்டப்பேரோடு.

எல்ஜினிலிருந்து வந்த கல்தச்சர் டூகல் நிதானமான ஆள். முதலில் பேர்களை எல்லாம் வெட்டினார். பிறகு அடைப்புக்குறிகளை எல்லாம் வெட்டினார். பிறகு ஒவ்வொன்றாக உள்ளே நிரப்பிக்கொண்டு வந்தார். வில்லி தினமும் காலையில் வேனை எடுக்கும் முன் போய்ப் பார்ப்பார். ஜார்ஜ்களுக்குள் புகுந்தது உளி, ஜான்களை முடித்தது, வில்லியம்களுக்கு வந்தது.

"ஐயா, இதுக்குள்ள என்ன போடணும்?" என்றார் டூகல்.

"கொஞ்சம் பொறுங்க."

"கூட்டம் முடியறவரைக்கும் பொறுக்கலாம். சனிக்கிழமை நான் ஊருக்குப் போயிடுவேன். அப்புறம் இது இப்படியேதான் நிக்கும். கருங்கல்லு பாருங்க, உங்க பேரப்பிள்ளைங்களுக்குப் பேரப்பிள்ளை வந்து பார்த்தாலும் காலியாதான் இருக்கும்."

வில்லி அந்தக் காலி இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். வாக்காளர் பட்டியல் காகிதம். வருஷா வருஷம் மாறும். இது கல். இந்தச் சனிக்கிழமைக்குள் ஊர் அவருக்கு ஒரு பேர் வைத்தாக வேண்டும். இல்லாவிட்டால் உலகம் உள்ளவரை அவர் ஒரு ஓட்டை.

அவர் நேராக பிஷப்பிடம் போனார். "கூட்டத்துல நம்ம குடும்பப் பேர் எங்கிருந்து வந்துச்சு, எங்கெங்க போச்சுன்னு ஒருத்தர் பேசணும்ல? நான் பேசறேன்."

பிஷப்பு அவரை மேலும் கீழும் பார்த்தார். "உனக்கு என்ன தெரியும் அதைப் பத்தி?"

"மத்தவங்களுக்குத் தெரிஞ்ச அளவு."

"அப்ப ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. சரி, பேசு. ஆனா சின்னதா பேசு, சூப் இருக்கு."

வில்லியின் கணக்கு எளிமையானது. நன்றாகப் பேசினால் ஊர் 'சரித்திரம்' என்று பேர் வைக்கும். வில்லியம் ஸ்கார்வி (சரித்திரம்). வேனில்கூட எழுதிக்கொள்ளலாம். அந்த வாரம் முழுவதும் மீனை நிறுத்துக்கொண்டே பண்ணை வீட்டுப் பெண்களிடம் பேசிப் பழகினார். ஒரு பவுண்டு ஹேடக் கேட்டவளுக்கு ஒரு பவுண்டு ஹேடக்கும் அரைமணி நேர வம்ச வரலாறும் கிடைத்தன.

வெள்ளிக்கிழமை மீன் ஏலக்கூடத்தைக் கழுவித் துடைத்துப் பெஞ்சு போட்டார்கள். எவ்வளவு கழுவினாலும் அது மீன் ஏலக்கூடம்தான். கனடா, நோவா ஸ்கோஷியாவிலிருந்து வந்த ஸ்கார்விகள் மூக்கைப் பிடித்துக்கொள்ளாமல் மரியாதையாக வாயால் மூச்சுவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். அப்போது வாசலில் ஒரு பஸ் வந்து நின்றது. நியூசிலாந்து, ஓட்டாகோவிலிருந்து ஒரு பெரும் கூட்டம். எல்லாரும் ஒரே மாதிரி நீல மேல்கோட்டு. முன்னால் வந்த இருவர் ஒரு பெரிய கொடியை விரித்துப் பிடித்திருந்தார்கள். மலையுச்சியில் ஒரு ஓநாய்; தோளில் போர்வீரர் அங்கி; கண்ணில் அனல். அதன் கீழே தங்க எழுத்தில் அவர்களுடைய குடும்பப் பேர்.

வைலிகோட்.

புடிங் வில்லி மெதுவாக எழுந்து, வெளியே போய், சுவரில் நெற்றியை வைத்துக்கொண்டு குலுங்கினார். லத்தீனின் மனைவி கைக்குட்டையை எடுத்து முழுதாக வாய்க்குள் வைத்துக்கொண்டாள்.

பிஷப்பு ஊர்க்காரர்களைச் சமையலறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்தினார். "யாரும் சிரிக்கக்கூடாது. பூமிக்கு அந்தப் பக்கத்திலிருந்து வந்திருக்காங்க. அவங்க யாரா இருந்தாலும் விருந்தாளிங்க. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்னு யாராவது வாயைத் திறந்தீங்க, இந்த வருஷம் துறைமுகத்துல படகு கட்ட இடம் கிடையாது."

"ஜார்ஜ், அந்த ஓநாய்..." என்று ஆரம்பித்தார் கொக்கி.

"ஓநாயைப் பார்க்காதே. சூப்பைப் பாரு."

கூடத்தில் சூப் பரிமாறியபோது வில்லிக்கு எதிரே வந்து உட்கார்ந்தவர் எழுபதை எட்டிக்கொண்டிருந்த ஓர் அம்மாள். மேவிஸ் வைலிகோட் என்று பேர். ஆட்டுப்பண்ணை வைத்திருப்பவர், எதிர்மலையில் நிற்கும் ஆட்டைக் கூப்பிட்டுப் பழகிய குரல்.

"நீதான் பேர்களைப் பத்திப் பேசப்போறியாமே, தம்பி? நல்லதாப் போச்சு. எங்க குழப்பத்தை நீதான் தீர்த்து வைக்கணும். எங்க தாத்தா அலெக்சாண்டர் இந்த ஊர்க்காரர்தான், அதான் கூட்டம்னு பேப்பர்ல பார்த்ததும் கிளம்பி வந்தோம். கப்பல்ல ஏறுறப்ப, 'உன்னை எப்படிக் கூப்பிடுவாங்க?'ன்னு கேட்டிருக்காங்க. வைலிகோட்னு சொல்லியிருக்கார். அப்படியே எழுதிட்டாங்க. ஆனா இங்க வந்து பார்த்தா அந்தப் பேர்ல ஒரு கல்லறைகூட இல்ல. எங்க பார்த்தாலும் ஸ்கார்வி, ஸ்கார்வின்னு இருக்கு. இதென்ன ஊரு?"

வில்லிக்கு உடனே புரிந்தது. போர்டெர்ரியில் பிறந்த எவனும் அதைத்தான் செய்திருப்பான். யார் நீ என்று கேட்டால் இங்கே ஸ்கார்வி என்று எவனும் சொல்லமாட்டான். அது, நான் இரண்டு காலால் நடக்கிறவன் என்று சொல்வதைப் போல. பட்டப்பேரைத்தான் சொல்வான். அலெக்சாண்டரும் சொன்னான். அப்படித்தான் ஒரு உள்பாவாடை கப்பலேறி, சமுத்திரம் தாண்டி, குடும்பப் பேராகி, பிள்ளை குட்டி பெற்று, ஓநாய் வரைந்துகொண்டு திரும்பி வந்திருக்கிறது.

பாவம் இவர்கள் என்று நினைத்தபடி வில்லி கரண்டியை வாய்க்குக் கொண்டுபோனார்.

"இன்னொரு வேடிக்கை கேளு," என்றார் மேவிஸ். "எங்க ராபர்ட் சித்தப்பா முதல் சண்டைக்கு வந்தவர், இங்கேயே எங்கேயோ தங்கிட்டாராம். கூடப் போன சிநேகிதர்கிட்ட சொல்லி அனுப்பினாராம், 'நான் பழைய பேருக்கே மாறிட்டேன். ஏன்னு கேக்காதீங்க. தெரிஞ்சா உங்களுக்குப் பிடிக்காது'ன்னு. எங்கப்பா சாகறவரைக்கும் அதை நினைச்சு நினைச்சு மண்டையை உடைச்சுக்கிட்டார்."

கரண்டி வாய்க்குப் போகாமல் நின்றது.

"அவரைக் கண்டுபிடிக்க ஒரு அடையாளம் உண்டு. இடது காதுல நுனி இருக்காது. சின்ன வயசுல ஆடு கடிச்சிருச்சு."

வில்லி கரண்டியைக் கீழே வைத்தார். அவருடைய அப்பாவுக்கு இடது காதில் நுனி இல்லை. ஜெர்மன்காரன் குண்டு என்றல்லவா சொன்னார். அந்தக் காதை வைத்துக்கொண்டு, குண்டு வந்த திசையையும் வேகத்தையும் எத்தனை சாயங்காலம் விவரித்திருக்கிறார்.

ஊரைச் சுற்றிப் பார்க்கப்போன அந்த முதல் நாளில் ராபர்ட் என்ன பார்த்திருப்பார் என்பதும் இப்போது விளங்கியது. ஏதோ ஒரு கொடியில் துணி காய்ந்திருக்கும். மழை தூறியிருக்கும். ஏதோ ஒரு வீட்டுக்காரி, "ஏ புள்ள, வைலிகோட்டை உள்ள எடு" என்று கத்தியிருப்பாள். வீரக் குலத்தின் ஊரைத் தேடி யூனிஃபாரத்தோடு வந்த மனுஷன் அந்தக் கொடியையே பார்த்துக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றாரோ.

வில்லி சமையலறைக்கு ஓடினார். எல்ஸ்பெட் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

"எல்ஸ்பெட், எனக்குப் பட்டப்பேர் இருக்கு. பொறந்ததிலேர்ந்தே இருந்திருக்கு."

"என்னவாம்?"

சொன்னார். எல்ஸ்பெட் ஈரக்கையோடு தரையில் உட்கார்ந்துவிட்டாள். 'சிரிப்பு' வம்சத்தின் முழுத் திறமையையும் வில்லி அன்றுதான் பார்த்தார். ஒரு நிமிஷம் அவளுக்குச் சத்தமே வரவில்லை. தோள் மட்டும் ஆடியது.

"சிரிச்சது போதும், ஒரு வழி சொல்லு. அது என் பேருன்னு கல்லுல வெட்டணும்னா, அது எங்கேருந்து வந்துச்சுன்னு மேடையில சொல்லணும். சொன்னா அத்தனை பேரும், அந்த அக்கா, அந்த ஓநாய், எல்லாரும் அசிங்கப்பட்டுப் போவாங்க. பிஷப்பு வேற படகு கட்ட விடமாட்டேங்கிறார்."

"உனக்குத்தான் படகே கிடையாதே."

"அதுவும் சரிதான்."

"சொல்லாம விட்டா?"

"நாளைக்கு டூகல் ஊருக்குப் போயிடுவார்."

எல்ஸ்பெட் இடுப்பில் கட்டியிருந்த ஏப்ரனால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "வில்லி, நீ ஒரு வாரமா பண்ணை வீட்டுப் பொம்பளைங்ககிட்ட புளுகிக்கிட்டுத்தானே இருந்தே? இங்க ஒண்ணு புளுகு. உள்பாவாடையை மாத்த முடியாது. அது எதுக்குப் பயன்பட்டுச்சுங்கிறதை மாத்தலாம்ல?"

வில்லி மேடையேறினார். குடும்பப் பேரின் தொடக்கத்தைத் தொட்டார். முதல் ஸ்கார்வி ஓர்க்னித் தீவில் கல்யாணத்துக்குத் தயாராக நின்றவன். அவன் கையிலிருந்த மோதிரத்தை ஒரு நீர்க்காகம் விழுங்கிவிட்டுத் தெற்கே பறந்தது. அவன் படகில் துரத்தி வந்தான். அது இந்தப் பாறையில் வந்து இறக்கையை விரித்துக் காயவைத்தது. மோதிரம் வெளியே வரும்வரை அவன் காத்திருந்தான். எந்த வழியாக என்பதைப் பாதிரியார் முன்வரிசையில் இருந்ததால் சொல்லவில்லை. மோதிரம் வந்தது. அதற்குள் அவன் இங்கே வேறொரு பெண்ணைப் பார்த்துவிட்டான். வடக்கத்திப் பேச்சில் நீர்க்காகத்துக்கு உள்ள பேரே அவனுக்கும் ஆயிற்று. அதற்குப் பிறகு ஹெர்ரிங் போன வழியெல்லாம் ஸ்கார்வி போனான். மீன் இடதுபக்கம் திரும்பியபோது நோவா ஸ்கோஷியா. ஒரேயடியாகக் காணாமல் போனபோது ஓட்டாகோ.

நோவா ஸ்கோஷியாக்காரர்கள் கைதட்டினார்கள். "சரித்திரம்யா இவர்" என்று யாரோ சொன்னதுபோல வில்லியின் காதில் விழுந்தது. இந்த இடத்தில் அவர் நிறுத்தியிருக்கலாம். 'சரித்திரம்' என்று வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால் எதிரே மேவிஸ் காதுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு, இன்னும் தன் பேர் வரவில்லையே என்று காத்திருந்தார். அவருடைய மோவாய் அப்படியே ராபர்ட்டின் மோவாய். அதைப் பார்த்துக்கொண்டே இவர் இன்னொரு பேரைச் சூடிக்கொள்வதா?

"இப்ப வைலிகோட்டுக்கு வரேன்," என்றார் வில்லி. பிஷப்பு நாற்காலியை விட்டு எழுந்தார். "அது குடும்பப் பேர் இல்ல. பட்டப்பேர். அதுக்கு எங்க ஊர்ல உள்பாவாடைன்னு அர்த்தம்."

ஓட்டாகோ பெஞ்சுகளில் நீல மேல்கோட்டுகள் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன. கொடியைப் பிடித்திருந்தவர்களில் ஒருவர் ஓநாயை ஒருமுறை திரும்பிப் பார்த்தார்.

"சாதாரண உள்பாவாடை இல்ல," என்று வில்லி குரலை உயர்த்தினார். "அலெக்சாண்டரோட அப்பா ஒருநாள் கடலுக்குப் போனார். புயல். மலை மலையா அலை. பாய் கிழிஞ்சு போச்சு. படகுல ஏழு பேர். எல்லாரும் கடைசி ஜெபத்தைச் சொல்லிட்டாங்க. அப்ப அவர் என்ன பண்ணார்? மனைவியோட சிவப்பு ஃபிளானல் பாவாடையைப் பாய்மரத்துல கட்டினார். அது காத்தைப் பிடிச்சுது பாருங்க..."

"பொம்பளைத் துணி படகுக்குள்ள எப்படிப்பா வந்துச்சு?" என்றார் பின்வரிசையிலிருந்து கொக்கி. "பொம்பளை நிழல் பட்டாலே படகைத் திருப்பிக்கட்டுற ஊரு இது."

"குளிருக்குக் கழுத்துல சுத்தியிருந்தார்."

"ஒரு முழுப் பாவாடையையா?"

"பெரிய கழுத்து," என்றார் வில்லி. "ஏழு பேரும் உயிரோட கரை சேர்ந்தாங்க. அந்தப் பேர்தான் கப்பலேறிப் போச்சு. அதுல வெக்கப்பட ஒண்ணுமில்ல. அலெக்சாண்டரோட பேரன் நான். காதுல நுனியில்லாத ராபர்ட்டோட பையன். வைலிகோட்டுங்கறது என் பேரும்தான்."

மேவிஸ் எழுந்தார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. காலடியில் வைத்திருந்த பெரிய பையைத் திறந்து, உள்ளேயிருந்து எதையோ இழுத்து இழுத்து வெளியே எடுத்தார். சிவப்பு ஃபிளானல். பூச்சி அரித்த, நாலாக மடித்த, பிரம்மாண்டமான ஒரு பாவாடை.

"இது எங்க தாத்தா பெட்டியோட கப்பல்ல வந்தது. இது என்ன, எதுக்கு இங்க இருக்குன்னு எங்க வீட்டுல யாருக்கும் தெரியாது. வீரனோட அங்கியா இருக்கும்னு நினைச்சோம். அதைப் பார்த்துத்தான் ஓநாய்க்கு அங்கி வரைஞ்சோம்." அவர் அதை உதறிப் பிரித்தார். "தம்பி, நீ சொன்னது ரொம்ப நல்லாயிருந்துச்சு. எனக்கு ஒரே ஒரு சந்தேகம். பாய்மரத்துல கட்டுன துணின்னா, இடுப்புல எதுக்கு ஒரு பை?"

எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள். பை இருந்தது. ஆம்பிளைக் கைக்கு அளவாகத் தைத்த பை. அதன் அடியில் புகையிலைக் குழாய்ச் சூடு பட்டுக் கருகிய ஒரு ஓட்டை.

"கிழவன் இதைப் போட்டுக்கிட்டுத்தான் திரிஞ்சிருக்கான்," என்றார் கொக்கி மெதுவாக. "குளிருக்கு. கால்சட்டைக்கு உள்ள."

"குழாயையும் வெச்சுக்கிட்டு," என்றார் லத்தீன்.

"புயலும் இல்ல, ஏழு பேரும் இல்ல," என்றார் மேவிஸ். "எங்க வீட்டுல ஆம்பிளைங்க எல்லாருக்கும் இன்னிவரைக்கும் இடுப்புலதான் குளிரும்." பிறகு அவர் சிரித்தார். ஆட்டுப்பண்ணைச் சிரிப்பு, ஏலக்கூடத்துத் தகரக்கூரை அதிர்ந்தது. அதற்குப் பிறகு பிஷப்பின் தடையுத்தரவைக் கேட்பார் இல்லை. புடிங் வாசலிலிருந்து ஓடிவந்து, விட்ட சிரிப்பையும் சேர்த்துச் சிரித்தார். நீல மேல்கோட்டுக்காரர்கள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்தார்கள். ஓநாயைத் திரும்பிப் பார்த்த அந்தக் கொடிக்காரர் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. அந்த ஓநாயை வரைந்தவர் அவர்தான்.

கூட்டம் கலைகிற நேரத்தில் மேவிஸ் வில்லியிடம் வந்து அவருடைய இடது காதைப் பிடித்துப் பார்த்தார். "முழுசா இருக்கே."

"என்னை ஆடு கடிக்கல, அக்கா."

"வா, எங்க ஊருக்கு. கடிக்க வெக்கிறேன்."

மறுநாள் காலை டூகல் உளியோடு காத்திருந்தார். வில்லி சொன்னதும் கல்தச்சர் உளியைக் கீழே வைத்துவிட்டார்.

"ஐயா, நான் எல்ஜின்காரன்தான். ஆனா எங்கம்மா இந்தக் கடற்கரைப் பக்கம். எனக்கு அந்த வார்த்தை தெரியும். நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. 'சரித்திரம்'னு போட்டுடட்டுமா? நேத்து ரெண்டு பேர் சொன்னாங்க."

வில்லி கல்லைப் பார்த்தார். கொக்கி, புடிங், லத்தீன். எவனுக்குத்தான் கேட்ட பேர் கிடைத்தது?

"வைலிகோட்டுன்னே போடுங்க," என்றார். "இது அப்பா ஒளிச்சு வெச்ச பேரு. அவரோட காதுக்கும் சேர்த்து நல்லா ஆழமா வெட்டுங்க."

வெட்டுகிற சத்தம் கேட்டு எல்ஸ்பெட் வந்து நின்றாள். புருஷனுக்கு வந்த பட்டப்பேர் பெண்டாட்டிக்கும்தான் என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அவளுடைய பேரும் அந்தக் கல்லில் இருந்தது. அதற்குப் பக்கத்திலும் ஒரு காலி அடைப்புக்குறி காத்திருந்தது. சிரிப்பு வம்சத்தில் பிறந்தவள் அன்று காலை சிரிக்கவில்லை.

திங்கட்கிழமை மீன் இறக்குகிற நேரத்தில் துறைமுகத்தின் அந்தப் பக்கத்திலிருந்து புடிங் கத்தினார். "ஏ வைலிகோட், நாலு ஹேடக் எடுத்து வை."

வில்லி, யாரைக் கூப்பிடுகிறார்கள் என்று திரும்பிப் பார்த்தார். பின்னால் யாரும் இல்லை. கடல்தான் இருந்தது.

"உன்னைத்தான்யா."

"எடுத்து வெச்சாச்சு," என்றார் வில்லி. மூக்கைச் சிந்திக்கொண்டு, அந்த நாலுக்குப் பதிலாக ஆறு எடுத்து வைத்தார்.

மேவிஸ் போகும்போது சிவப்புப் பாவாடையை அவரிடமே விட்டுவிட்டுப் போனார். எல்ஸ்பெட் அதைத் துவைத்து, அந்துருண்டை போட்டு, பெட்டிக்கு அடியில் வைத்தாள். ஜனவரியில் மலைப்பக்கம் பனி இறுகிய ஒரு விடியற்காலையில், பெட்டி திறந்து மூடும் சத்தம் அவளுக்குப் படுக்கையிலிருந்து கேட்டது. அவள் ஒன்றும் கேட்கவில்லை. வேன் கிளம்பி மேடேறிப் போயிற்று. வண்டிக்குள் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வில்லி ஸ்டியரிங்கை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, மறுகையால் கால்சட்டைப் பட்டிக்குக் கீழே தடவி, தன் புகையிலைக் குழாயை அந்தப் பைக்குள் வைத்தார். அது அளவாக உட்கார்ந்தது. இடுப்புக்கு ரொம்ப இதமாக இருந்தது.